திருத்துவோமா, புதிதாக வாங்குவோமா?



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்த பிறகு நடந்த வாக்குவாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நமது ஹாம் றேடியோ செற் பழுதாகிவிட்டது. கேட்கிறது, ஆனால் மைக்கை அமத்திப் பேசத் தொடங்கினால் அணைந்து போகிறது. இருபது வருடப் பழைய செற், இனி எதற்கு, புதிது வாங்குவோம் என்றார்கள் ஒரு பக்கத்தார். 100 வாட் புதுச் செற் ஒன்று நல்லதாக வேண்டுமென்றால் ஆயிரம் யூரோவுக்கு மேலே போகும். வாலிபர் நிதியில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் ஒரு பங்கை முல்லைத்தீவுப் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு அனுப்புவதாக ஈஸ்டருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த நிதி எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். உங்கள் அம்மாமார் மற்றவர் வீட்டுத் தரை துடைத்து, அப்பாமார் ரெஸ்ரோரண்ட் குசினியில் பாத்திரம் கழுவி, காணிக்கைப் பையில் போட்ட காசு.

முதலில் திருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் பக்கம். அதற்காக எல்லாவற்றையும் எப்போதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கே நிறுத்துவது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். நாங்கள் கணக்குப் பார்த்தோம், ஆனால் பழுது என்னவென்று பார்க்கவில்லை. நானும் சேர்ந்துதான். கடைசி ட்ரான்சிஸ்டர் எரிந்துவிட்டது என்று பெரிய நிபுணன் போலச் சொன்னேன். ஒரு திருத்துகிற கடையில் விசாரித்தபோது அவர்களும் செற்றைத் திறக்காமலே அதையே சொல்லி, 300 யூரோ ஆகும் என்றார்கள்.

பியாட்ஸா மஜோனே பக்கத்தில் இருக்கிற, ஓய்வுபெற்ற இத்தாலியச் சகோதரர் ஒருவர் லைசன்ஸ் உள்ள றேடியோக்காரர். அவர் வந்து செற்றைத் திறக்கவே இல்லை. அன்ரெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோட் ஒன்றை மாட்டினார். டம்மி லோட் என்றால் செற் அனுப்புகிற சக்தியை வானத்துக்கு விடாமல் வெப்பமாக மாற்றி விழுங்கிவிடுகிற ஒரு பெட்டி. பிறகு பதினைந்து யூரோ மல்டிமீற்றரைச் செற்றின் பின்பக்கம் கரண்ட் வருகிற இடத்தில் வைத்தார். கேட்கும்போது 13.6 வோல்ற். மைக்கை அமத்தியவுடன் 11க்குக் கீழே விழுந்தது. அவ்வளவுதான், செற் அணைந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஓம் விதி படித்த தம்பிமார் இதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட செற் சும்மா கேட்கும்போது ஒரு அம்பியர் அளவில்தான் இழுக்கும். முழுச் சக்தியில் அனுப்பும்போது 20 அம்பியர் இழுக்கும். வழியில் எங்காவது 0.15 ஓம் தடை இருந்தால், கேட்கும்போது 0.15 வோல்ற்தான் குறையும், யாருக்கும் தெரியாது. அனுப்பும்போது 20ஐ 0.15ஆல் பெருக்குங்கள், 3 வோல்ற் போய்விடும். 13.8 வோல்ற்றுக்குச் செய்த செற் 10.8இல் எப்படி நிற்கும்? தடை எங்கே என்று தேடினால், வயரில் இருக்கிற ஃபியூஸ் கூடு. கால்சாவில் யன்னலைத் திறந்தால் போரோ இத்தாலிகோவின் கடற்காற்று. அந்த உப்பு ஈரத்தில் உள்ளே இருந்த செம்பு பச்சை பிடித்து, சூட்டில் பிளாஸ்ரிக் பழுப்பாகி இருந்தது. புதுக் கூடு, புது ஃபியூஸ், கொஞ்சம் தடித்த வயர், எல்லாம் சேர்த்து 11 யூரோ. என் 'கடைசி ட்ரான்சிஸ்டர்' நல்ல சுகமாக இருக்கிறது.

செற் பழுது என்று சொல்கிறவற்றில் பல, செற்றுக்கு வெளியே இருக்கிறவை. பவர் சப்ளை, வயர், மைக்கின் நெளிந்த கேபிள், மழைத்தண்ணி புகுந்த கோஆக்சியல் வயர், ஆடுகிற அன்ரெனா பிளக். அவற்றைப் பார்த்து முடிக்கும்வரை ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே போனாலும் பயப்பட ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும்: உப்பிப்போன கப்பாசிற்றர், வெடித்த ஈயப் பற்று, தூசு பிடித்த சுவிட்ச். ஆனால் வால்வ் வைத்த மிகப் பழைய செற்றுகளைச் சிறியவர்கள் தொடவே கூடாது. அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ற் இருக்கும், சுவிட்சை அணைத்த பின்பும் நிற்கும்.

இந்தத் திருத்துகிற புத்தி நமக்கு இத்தாலிக்காரர் சொல்லித் தர வேண்டியதா? உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பற்றரி போகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோக் கரண்டில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்பார்கள். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும் அப்போதுதான். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் ஒரு ஃபியூஸ் கூட்டுக்காக ஆயிரம் யூரோ எடுக்கப் பார்த்தோம் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, செற், வோக்கி டோக்கி என்று பிள்ளைகளைப் பழக்காதேயும், நாங்கள் பட்டது காணும்" என்றார். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. சோதனைச் சாவடியில் அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஆனால் இங்கே இது சட்டப்படி நடக்கிற காரியம். பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, ஆண்டுக்கு 5 யூரோ கட்டினால், சிசிலிக்கு உரிய ஐ.டி.9 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அது இல்லாமல் யாரும் மைக்கை அமத்தக் கூடாது. நம் சபையில் பதினேழு வயதுத் தம்பி ஒருவர் அதற்குப் படிக்கிறார். அதுவரை அந்த இத்தாலியச் சகோதரரே செற்றை இயக்குவார், பிள்ளைகள் கேட்கலாம்.

'இது விளையாட்டுச் சாமான், சபைக்கு எதற்கு?' என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கரையோரத்தில் தொலைபேசிகள் செத்துவிட்டன. விக்டர் குணதிலகவும் இலங்கை வானொலிச் சங்கத்தாரும் சிற்றலைச் செற்றுகளோடு அம்பாந்தோட்டைக்கு ஆட்களை அனுப்பிக் கொழும்போடு தொடர்பு உண்டாக்கினார்கள். அந்தமானில் போர்ட் பிளேரில், பொழுதுபோக்குக்காகவே செற்றோடு வந்து தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் குழு, அன்றே அதை அவசரத் தொடர்பு நிலையமாக மாற்றியது. வந்த செற்றுகள் புதிதா பழையதா என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், வேலை செய்ததா என்பதுதான்.

நம் பலெர்மோவுக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கில் நிலநடுக்கம். இரண்டு வருடம் கழித்தும் சனம் தற்காலிகக் குடிசைகளில். 1970 மார்ச் 25இல் பார்த்தினிக்கோவில் தனிலோ தொல்சியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சிறிய றேடியோ நிலையத்தைத் தொடங்கி, அந்த ஏழைகளின் அபயக் குரலை ஒலிபரப்பினார்கள். ஏறக்குறைய 27 மணி நேரத்தில் பொலிஸ் வந்து மூடிவிட்டது. அவர்கள் அனுமதி எடுக்காமல் செய்தார்கள், அதைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குரல் இல்லாதவனுக்கு ஒரு சிறு பெட்டி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய சாட்சி நமக்கு இல்லை.

கால்சாவில் இருந்துகொண்டு திருத்துவதைப் பற்றிப் பேசும்போது நம் தெருவையும் பார்க்கலாமே. 1943இல் குண்டு விழுந்து இடிந்த இந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, ஐம்பது அறுபதுகளில் நகரத்தார் வெளியே புதிது புதிதாக அடுக்குமாடி கட்டினார்கள். அந்த அவசரத்தில் அழகான பழைய மாளிகைகளும் தோட்டங்களும் போயின, காசு யார் பைக்குப் போனது என்று சிசிலிக்காரரே சொல்வார்கள். கூரை இல்லாத ஸ்பாசிமோ ஆலயத்தை 1995இல் திருத்தித் திறந்தார்கள். கூரையை மாற்றவில்லை. இன்று அதற்குள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இசை கேட்கிறார்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? என் அளவுகோல் இது: அதே மாதிரிப் பழைய செற் சந்தையில் என்ன விலையோ, அதில் பாதிக்கு மேல் திருத்தச் செலவு போனால் விட்டுவிடலாம். உதிரிப்பாகம் உற்பத்தி நின்றுவிட்டதென்றால் இன்னும் கவனம். பழைய சக்தி ட்ரான்சிஸ்டர்கள் என்று விற்கப்படுகிறவற்றில் போலி நிறைய, போட்ட அன்றே எரியும். எண்பதுகளில் வந்த கென்வுட் டிஎஸ்-440 போன்ற நல்ல செற்றில்கூட, உள்ளே ஊற்றிய பசை காலப்போக்கில் கெட்டு, திரையில் எண்ணுக்குப் பதில் புள்ளிகள் மட்டும் தெரியும். அதைப் பொறுமையாகச் சுரண்டித் திருத்தியவர்கள் பலர். நேரம் இருந்தால் அது லாபம், ஆள் வைத்துச் செய்தால் நட்டம்.

மாற்றுவதானால் பாவித்ததையே வாங்குவோம். இயக்கிக் காட்டாமல், டம்மி லோடில் எல்லா அலைவரிசையிலும் அனுப்பிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். திருகாணித் தலைகளைப் பாருங்கள், சிதைந்திருந்தால் முன்பே யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார். 'லண்டன் மாமா வாங்கி அனுப்புவார்' என்ற திட்டத்தையும் விடுங்கள். 2021இலிருந்து பிரித்தானியா ஐரோப்பியச் சந்தைக்கு வெளியே, பார்சலுக்கு 22 சதவீத வரியும் சுங்கச் செலவும் வரும்.

மூன்றாவது வழியும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், சாதாரணக் கடையில் கிடைக்கிற பாகங்களால் செய்யக்கூடிய பிட்எக்ஸ் என்ற செற்றின் வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். உலகம் முழுவதும் ஆட்கள் அதைத் தாங்களே செய்கிறார்கள். சக்தி சில வாட்தான், ஆனால் அதைக் கையால் செய்து முடித்த பிள்ளைக்குப் பிறகு எந்தச் செற்றைப் பார்த்தும் பயம் வராது. எங்கள் பிள்ளைகள் எங்களைப் போல மற்றவர் வீட்டுச் சாவியோடு மட்டும் திரியாமல், கையில் ஒரு தொழிலோடு நிற்க வேண்டும் என்று ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்துக்கு ஒரு சோல்டரிங் அயனும் தேவைப்படுகிறது.

ஆகவே கமிட்டியிடம் என் வேண்டுகோள்: வாக்குக் கொடுத்தபடி முல்லைத்தீவுக்குப் போக வேண்டியது இந்த மாதமே போகட்டும். 100 யூரோவை ஒதுக்கி ஒரு மல்டிமீற்றர், ஒரு டம்மி லோட், ஒரு சோல்டரிங் அயன் வாங்குவோம். சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு அந்த இத்தாலியச் சகோதரர் இரண்டு மணி நேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் பேசாத றேடியோ, எரியாத விளக்கு ஏதும் இருந்தால் கொண்டு வாருங்கள். அவருக்கு நம் தேத்தண்ணியும் பால் ரொட்டியும் நல்ல விருப்பம், அதையும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.