பருப்பு வேகாத தண்ணீர்

“என்ன ஊர் ஐயா இது! போடித் தண்ணீரில் பருப்புகூட வேகாது போலிருக்கிறதே” என்றார், வீட்டுக்கு வந்த உறவினர். பாவம், அவர் திறந்தது மாடித் தொட்டிக் குழாய். அது நான் துளை போட்டு எடுத்த நீர். பாறையிடுக்கில் ஊறிச் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருவது. ஏலமலைச் சரிவில் பெய்த மழை கொட்டகுடி ஆறாக இறங்குகிறதே, அதில் சோப்பு நுரைத்துத் தள்ளும்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சலுகையை நாம் கேட்பதா? ஆற்று நீரை இன்னும் கொடு என்று நகராட்சியிடம் சண்டை போட நமக்குச் சோம்பல். அதற்குப் பதில் வீட்டுக்கொரு துளை, துளைக்கொரு சுத்திகரிப்பு இயந்திரம்! ஒரு குடம் கொடுப்பதற்கு ஒரு குடத்துக்கு மேலாகவே சாக்கடையில் கொட்டுகிறது அது. என் வீட்டுச் சுவரிலும் ஒன்று மாட்டியிருக்கிறது. தவணை இன்னும் முடியவில்லை.