நாயகர்களை நம்பாதீர்கள்

சில பொருட்களின் பெயரிலேயே பொய் இருக்கும். ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ அப்படி ஒரு பெயர். நாயகர்கள், வலிமை, மந்திரம் என்று மூன்று பெரிய சொற்களை அட்டையில் போட்டுக்கொண்டு 1999-ல் வந்தது இந்தக் கணினி விளையாட்டு. ஆடிப் பார்த்தால் உள்ளே இருப்பது நாட்கணக்கும் நடையும் சுமைதூக்கலும். இதைக் கவனிக்காமல் ஒருவர் ஆடினால் அது அவர் பாடு. ஊருக்கெல்லாம் டிப்ஸ் கொடுக்கிறவர்களும் கவனிக்காமல் இருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் செய்தது, 3டிஓ வெளியிட்டது. முறை வைத்து ஆடும் ஆட்டம். நான் ஆடி முடித்தபிறகு நீ. ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நாலுபேர் மாறி மாறி உட்கார்ந்து ஆட ‘ஹாட் சீட்’ என்று ஒரு வசதி உண்டு. உங்களுக்கு ஒரு நகரம், ஒரு நாயகன், கொஞ்சம் படை. பொன், மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் என்று ஏழு செல்வங்கள். வரைபடத்தில் சுரங்கம் பிடித்து, நகரத்தை வளர்த்து, எதிரியை ஒழிக்கவேண்டும். 3டிஓ 2003-ல் திவாலாகி, விளையாட்டின் உரிமை யூபிசாஃப்டுக்குப் போனது. விளையாட்டு மட்டும் சாகவில்லை. ரசிகர்களே சேர்ந்து செய்த ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ விரிவாக்கத்தில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்த டிப்ஸ். எங்கே கேட்டாலும் நாலே நாலு உபதேசம்தான். ஒரே நாயகனை வளர்த்து எல்லாப் படையையும் அவன் கையில் கொடு. ஏழாம் படி உயிரிகளை, அதாவது ஏஞ்சல், டிராகன் வகையறாவை, சீக்கிரம் கட்டு. பெரிய மந்திரத்தைத் தேடு. எதிரியைக் கண்டால் அடி. சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது, இல்லையா? போஸ்டரைப் பார்த்துப் போர் செய்தால் மூணாவது வாரத்தில் நகரம் போய்விடும் மக்கா.

முதலில் நாளை எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரு முறை என்பது ஒரு நாள். ஒரு நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடம்தான் எழுப்பலாம். பெட்டி நிறையப் பொன் இருந்தாலும் இரண்டாவது கிடையாது. ஆகவே பணத்தை விட அரிதான சரக்கு நாள். எதுவும் கட்டாமல் ஒரு நாளை முடித்தால் அந்த நாள் திரும்பி வராது. வில்லேஜ் ஹால் தினம் 500 பொன் தருகிறது, டவுன் ஹால் 1000, சிட்டி ஹால் 2000, கேப்பிட்டல் 4000. இவற்றைக் கட்ட முறையே 2500, 5000, 10000 பொன் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் போட்ட காசு ஐந்தே நாளில் திரும்பி வருகிறது. நடுவில் கட்டவேண்டிய மற்ற கட்டடங்களின் செலவு தனி, இருந்தாலும் இதைவிட நல்ல முதலீடு ஆட்டத்தில் வேறில்லை. ஏழாம் படிக்கு ஓடுகிறவன் இந்த வரவைத் தள்ளிப்போட்டுவிட்டு ஓடுகிறான். டிராகனுக்கு வீடு கட்டிவிட்டு டிராகனை வாங்கக் காசில்லாமல் நிற்பான்.

அடுத்து வாரம். புதிய படையாட்கள் வாரத்தின் முதல் நாளில்தான் நகரத்தில் பிறக்கிறார்கள். சிட்டாடல் கட்டியிருந்தால் பிறப்பு ஒன்றரை மடங்கு, காசில் கட்டியிருந்தால் இரண்டு மடங்கு. ஏழாம் நாளுக்குள் காசில் முடிந்திருந்தால் எட்டாம் நாள் இரட்டைப் படை. எட்டாம் நாள் கட்டினால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். ஒரே ஒரு நாள் தவறியதற்கு ஒரு வாரம் தண்டம்!

இதை நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கன்னி மாதம் அறுக்கிற கன்னிப்பூ, கும்ப மாதம் அறுக்கிற கும்பப்பூ என்று வருஷத்தை இரண்டு பூவாகப் பிரித்து வாழ்ந்த ஊர் இது. ஜூனில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வரும்போது வயல் தயாராக இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பூ போச்சு. அங்கே வீரத்துக்குச் சோலி இல்லை. இன்னொன்றும் அப்படியே பொருந்துகிறது. பிறந்த படையாட்களை உடனே வாங்காவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. பத்தாயத்து நெல் மாதிரி அப்படியே கிடப்பார்கள், அடுத்த வாரம் வருகிறவர்கள் மேலே சேருவார்கள். ஆகவே கையில் காசு வந்ததும் முதலில் வரவைப் பெருக்கு, படையைப் பைய வாங்கலாம். எதிரி வாசலில் நின்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

மூன்றாவது நடை. நாயகன் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவான் என்பதை அவன் வீரம் முடிவு செய்வதில்லை. அவனோடு இருப்பவர்களில் ஆக மெதுவாக நடப்பவன் முடிவு செய்கிறான். படையில் வேகம் 3 உள்ள ஒரே ஒரு ட்வார்ஃப் இருந்தால் போதும், அன்றைக்கு 1500 நடைப்புள்ளிதான். எல்லோரும் வேகம் 11-க்கு மேல் என்றால் 2000. சாதாரண நிலத்தில் ஒரு கட்டம் கடக்க 100 புள்ளி. ஆக 15 கட்டமா 20 கட்டமா என்பதை அந்தக் குள்ளன் தீர்மானிக்கிறான். இந்தக் கணக்கு போடப்படுவது நாள் தொடங்கும்போது. எனவே ராத்திரி முறையை முடிக்கும் முன் மெதுவானவர்களை இன்னொருவனிடம் இறக்கிவைத்துவிட்டு, காலையில் கணக்கு விழுந்தபிறகு திரும்ப ஏற்றிக்கொண்டால், முழு வேகத்தில் முழுப் படையும் நகரும்.

இந்த ‘இன்னொருவன்’தான் என் கட்டுரையின் உண்மையான நாயகன். மதுக்கடையில் 2500 பொன் கொடுத்தால் ஒரு புதிய தலைவனை அமர்த்தலாம். ஒருவரிடம் எட்டுப் பேர் வரை களத்தில் இருக்கலாம். பெரியவன் எதிரி எல்லையில் நிற்கிறான், நகரத்தில் புதுப்படை பிறந்திருக்கிறது, நடுவில் நாலு நாள் தூரம். நல்ல ஆட்டக்காரர் என்ன செய்வார்? வழியில் இடைவெளி விட்டு நாலு எடுபிடிகளை நிறுத்திவைப்பார். முதலாமவன் படையைத் தூக்கிக்கொண்டு தன் நடை தீரும்வரை ஓடி இரண்டாமவனிடம் கொடுப்பான். அவன் அன்றைய நடை இன்னும் முழுசாக இருக்கும். அவன் மூன்றாமவனிடம், மூன்றாமவன் நாலாமவனிடம். நாலு நாள் தூரத்தைப் படை ஒரே நாளில் கடந்துவிடும். சங்கிலி என்று இதைச் சொல்வார்கள். மந்திரம் எதுவும் வேண்டாம், ஆள் வேண்டும். மீதி நேரம் அதே ஆட்கள் வழியில் கிடக்கிற மரத்தையும் ரத்தினத்தையும் பொறுக்குவார்கள், வாரத்துக்கொருமுறை காற்றாலைக்கும் நீராலைக்கும் போய் வருவார்கள். டிப்ஸ் பட்டியல்களில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இனி சண்டைக்களம். அங்கேயாவது வீரம் இருக்கிறதா? ஒரு குழு அடிவாங்கினால் ஒரு சுற்றில் ஒரு தடவைதான் திருப்பி அடிக்கும். கிரிஃபின் மாதிரிச் சில உயிரிகள் விதிவிலக்கு. எனவே விவரம் தெரிந்தவர் படையிலிருந்து ஒரே ஒரு ஈட்டிக்காரனைத் தனியாகப் பிரித்து முதலில் அனுப்புவார். எதிரி திருப்பி அடிப்பான், ஈட்டிக்காரன் சாவான். இப்போது எதிரியிடம் பதிலடி பாக்கியில்லை. பெரிய படை சேதமில்லாமல் புகுந்து அடிக்கும். வில்லாளி பத்துக் கட்டத்துக்கு அப்பால் எய்தால் பாதிச் சேதம்தான். பக்கத்தில் எதிரி ஒட்டி நின்றால் எய்யவே முடியாது. ஆகவே எதிரி வில்லாளியை முடக்கப் பறக்கிற ஒரு சின்ன உயிரி போதும். மந்திரமும் இப்படித்தான். எல்லோரும் தேடுகிற ஐந்தாம் படி மந்திரங்களை விட, முதல் படியிலேயே கிடைக்கிற ‘ஸ்லோ’ பல சண்டைகளை முடித்துவைக்கும். பூமி மந்திரத்தில் தேர்ச்சி முற்றிய ஒருவன் அதைப் போட்டால் எதிரிப் படை முழுவதின் வேகமும் பாதியாகிவிடும். அவன் நம்மை வந்து சேருவதற்குள் இரண்டு தடவை எய்துவிடலாம்.

எதிர்வாதம் தெரியும். ‘தாக்கும் திறன் எதிரியின் காப்பை விட ஒரு புள்ளி கூடினால் சேதம் 5% கூடுகிறது; காப்பு கூடினால் ஒரு புள்ளிக்கு 2.5% குறைகிறது. இந்தப் புள்ளிகளை நாயகன்தானே தருகிறான்? படையைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்தால் பத்துப் பேரும் சாவான்.’ சரியான வாதம்தான். பத்துப் புள்ளி மிகுந்த நாயகனின் படை ஒன்றரை மடங்கு அடிக்கும். படையை ஒரே கையில் சேர்க்கவேண்டும் என்பதில் எனக்கும் சண்டையில்லை. சேர்ப்பது யார் என்பதுதான் என் கேள்வி. ‘எல்லாப் படையையும் நாயகனிடம் கொடு’ என்ற வாக்கியத்தில் ‘கொடு’ என்ற வினைக்குள் நாலு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓட்டத்தைச் சொல்லாமல் விட்டால் அது பாதி டிப்ஸ். பாதி டிப்ஸை நம்பி ஆடுகிற புதியவன் தோற்றுவிட்டு, தன் நாயகன் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

ஒரு விளையாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். வரலாற்றையும் நாம் இதே பாதி டிப்ஸாகத்தான் படிக்கிறோம், அதனால்தான். நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது. ஆசியாவில் ஐரோப்பியரை வென்ற மன்னன் என்று மேடை தோறும் முழங்குகிறோம். அங்கே நடந்ததைப் படித்துப் பாருங்கள். டச்சுக்காரர்கள் கரையில் அரண் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள், திருவிதாங்கூர்ப் படை வளைத்துக்கொண்டது. ஒரு குண்டு வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்து, அவர்கள் வைத்திருந்த அரிசி எரிந்துபோனது என்றும், அதன்பிறகே சரணடைந்தார்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கடல் வழியே உதவி வரவில்லை, சோறு இல்லை, கதை முடிந்தது. இந்த விளையாட்டை ஒழுங்காக ஆடிய எவனுக்கும் இது நன்றாகப் புரியும். எல்லையில் நின்ற டச்சு நாயகனுக்குப் பின்னால் சங்கிலி அறுந்துவிட்டது.

பிடிபட்ட டிலனாயை மன்னர் என்ன செய்தார் என்பதும் இந்த விளையாட்டின் விதி மாதிரியே இருக்கிறது. களத்தில் தோற்ற தலைவன் பின்னொரு நாள் எதிராளியின் மதுக்கடையில் வேலை தேடி உட்கார்ந்திருக்கக்கூடும். காசு கொடுத்தால் அவனுக்காக ஆடுவான். டிலனாய் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்தார், ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

சரி, அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் பெயர் எங்கே வெட்டியிருக்கிறது? முற்றுகைக்கு நெல்லும் மருந்தும் தூக்கிப் போனவர்கள் யார்? குளச்சல் கரையில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கி போலக் காட்டிப் படையைப் பெரிதாகக் காட்டினார்கள் என்று ஒரு வாய்மொழிக் கதை உண்டு. கதையாகத்தான் உண்டு, ஒரு பெயர்கூடக் கிடையாது. திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்று ஒன்று இருந்தது. அரசாங்கம் கூப்பிட்டால் கூலியில்லாமல் போய்ச் சுமக்கவேண்டும். யார் போகவேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. அரண்மனையின் நடைப்புள்ளி அவர்கள் காலில் இருந்தது. நாயகன் பெயரை மட்டும் சொல்கிற வரலாறு அவர்களை இரண்டாம் முறை ஊழியத்துக்கு அனுப்புகிறது.

விளையாட்டு இந்த விஷயத்தில் புனிதமானது என்று சொல்லமாட்டேன். பதிலடி வாங்கச் செத்த அந்த ஈட்டிக்காரனுக்கும் பெயர் கிடையாது. அவனை அனுப்புகிற விரல் நம்முடையது. ஆனால் விளையாட்டு ஒன்றை ஒளிப்பதில்லை. சுமப்பவனுக்கு 2500 பொன் என்று விலை எழுதியிருக்கிறது, நடக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு எழுதியிருக்கிறது. ஜெயித்தபிறகு கொடுக்கிற மதிப்பெண்ணில்கூட எத்தனை நாள் எடுத்தாய் என்பதைச் சேர்த்துக்கொள்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிற விளையாட்டைக் கையில் கொடுத்தால், அட்டைப்படத்தை மட்டும் பார்த்து டிப்ஸ் எழுதுகிறார்கள்.

ஆகவே புதிதாக ஆடுகிறவர்களுக்கு என் பங்குக்குக் கொஞ்சம். முதல் நாளே மதுக்கடைக்குப் போய் இரண்டாவது ஆளை அமர்த்துங்கள். முதல் வாரம் தினம் ஒரு கட்டடம் தவறாமல் கட்டுங்கள், சிட்டி ஹாலை நோக்கிப் போங்கள். முறையை முடிக்கும் முன்னால் பெரிய நாயகனோடு ஆக மெதுவாக நடக்கிறவன் யாரென்று பாருங்கள். ஏழாம் நாள் காலையில் நகரத்தைத் திறந்து எட்டாம் நாளை நினையுங்கள். பெரிய சண்டைக்குக் கிளம்பும் முன், பின்னால் சங்கிலியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருதரம் வரைபடத்தை நகர்த்திப் பாருங்கள். நடுவில் ஒருவன் இல்லையென்றால் அன்றைக்குக் கிளம்பாதீர்கள். உதயகிரிக் கோட்டைக்குப் போனாலும் கல்லறையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மதிலின் கல் ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் இருக்கும் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.