போதிதர்மர் குங்ஃபூ கற்றுக்கொடுக்கவில்லை

காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனா போனார், ஷாவோலின் மடத்தில் நோஞ்சான்களாக இருந்த துறவிகளுக்குச் சண்டைக் கலை சொல்லிக்கொடுத்தார், அதுவே குங்ஃபூ ஆயிற்று. 2011இல் ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் இதை மறுத்துப் பேசுபவர் தமிழ்ப் பகைவர் ஆகிவிடுகிறார். நான் மறுக்கிறேன். தமிழின் மீதுள்ள அக்கறையால்தான் மறுக்கிறேன்.

முதலில், ஆள் யார்? போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547இல் யாங் ஷுவான்ஜி எழுதிய லோயாங் நகர மடாலயங்கள் பற்றிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகத் துறவி. அவருடைய சீடராகக் கருதப்படும் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். ஏழாம் நூற்றாண்டில் துறவியர் வரலாறு எழுதிய தாவோஷுவான், தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். அவர் தென்னிந்தியர் என்பதை ஏற்க எனக்குத் தடையில்லை. ஆனால் இந்த மூன்றில் எதிலும் காஞ்சி இல்லை, பல்லவர் இல்லை, சண்டை என்ற பேச்சே இல்லை. மூன்றிலும் இருப்பவர் ஒரு பௌத்தத் துறவி, அவ்வளவுதான்.

அவர் போவதற்கு முன் சீனர்களுக்குச் சண்டையிடத் தெரியாது என்பது கதையின் அடுத்த பகுதி. அவருக்குச் சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஹான் வம்ச வரலாற்றின் நூற்பட்டியலில், வெறுங்கைச் சண்டை பற்றிய ஆறு பகுதி நூல் ஒன்று போர்க்கலை வரிசையில் பதிவாகியிருக்கிறது. உடற்பயிற்சியும் அப்படித்தான். கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பயிற்சி நிலைகளை வரைந்த பட்டுச்சீலை கிடைத்திருக்கிறது. ஷாவோலின் மடமே கூட போதிதர்மருக்காகக் கட்டப்பட்டதல்ல. 495ஐ ஒட்டி வட வெய் பேரரசர் ஷியாவோவென், பாத்துவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்காக சோங் மலையில் அதை எழுப்பினார்.

‘அவர் எழுதிய நூலே இருக்கிறதே!’ என்று எடுத்துக் காட்டப்படுவது யீஜின் ஜிங், அதாவது தசைநார்களை மாற்றும் நூல். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் முழுக் கதையும் இதன் மேல்தான் நிற்கிறது. நூலில் இரண்டு முன்னுரைகள் உள்ளன. ஒன்று தாங் வம்சத் தளபதி லி ஜிங் 628இலும், மற்றொன்று சோங் வம்சத் தளபதி நியு காவ் 1142இலும் எழுதியதாகப் போட்டிருக்கிறது. லி ஜிங் அந்த நூலைத் தமக்குத் தந்தவராகச் சுருட்டைத் தாடி வீரன் ஒருவனைச் சொல்கிறார். அந்த வீரன் தாங் காலத்துச் சிறுகதை ஒன்றின் பாத்திரம்! கதையில் வருபவன் நிஜத் தளபதிக்கு நூல் கொடுத்த கணமே முன்னுரையின் யோக்கியதை தெரிந்துவிடுகிறது. லிங் திங்கான் என்ற சீன அறிஞர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் போலி என்று கண்டித்தார். நூல் உண்மையில் 1624ஐ ஒட்டி, தியாந்தாய் மலையைச் சேர்ந்த தாவோயியர் ஒருவர் பெயரில் உருவானது. உள்ளே இருப்பவை உடலை நீவிவிடுவது, சரளைக்கல் பையால் அடித்து உரமேற்றுவது, மருந்து உண்பது. குத்து, தடுப்பு, காலடி வரிசை என்று சண்டைப் பாடம் எதுவும் கிடையாது.

அப்படியானால் ஷாவோலின் துறவிகள் சண்டையிட்டது பொய்யா? இல்லை. 621இல் பின்னாளைய பேரரசர் லி ஷிமினுக்குத் துணையாக அவர்கள் போரிட்டதும், பதின்மூன்று துறவிகளின் பெயர்களும் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளன. யாரிடம் சண்டை கற்றார்கள் என்று அது சொல்லவில்லை. நிலபுலன் வைத்திருந்த மடம், கொள்ளையர் நிறைந்த காலம். காரணத்தைக் கடல் கடந்து தேட வேண்டாம்.

அவர்கள் பெயர் பெற்றது வெறுங்கையால் அல்ல, கம்பால். 1553இல் கடற்கொள்ளையரை எதிர்த்தபோதும் கம்புதான். 1561இல் தளபதி யூ தாயோ மடத்துக்குப் போய் அவர்கள் கம்பு சுற்றுவதைப் பார்த்தார். பழைய நுட்பம் மங்கிவிட்டதென்று சொல்லி, இரண்டு துறவிகளைத் தம்முடன் அழைத்துச் சென்று பயிற்றுவித்து அனுப்பினார். மடத்தில் பத்தாண்டுக்கு மேல் பயின்ற செங் ஸோங்யோ, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாவோலின் கம்புக்குப் படங்களோடு நூல் எழுதினார். அந்த நூலில் கம்புக்கலையின் மூலவர் யார் தெரியுமா? கின்னரர் என்ற தெய்வம்! அடுப்பங்கரை வேலையாளாக இருந்து, கலகக்காரர்கள் மடத்தைத் தாக்கியபோது கம்போடு வெளியே வந்து விரட்டியவராக மடத்துக் கதை அவரைச் சொல்கிறது. போதிதர்மர் ஆயிரம் ஆண்டுகளாகக் குருவாக இருந்திருந்தால், மடத்துத் துறவிகள் அவரை விட்டுவிட்டு ஒரு சமையற்கட்டுத் தெய்வத்தையா கைகாட்டியிருப்பார்கள்? வெறுங்கைச் சண்டை அங்கே முதன்மை பெற்றது அதற்கும் பிறகுதான்.

களரியும் வர்மமும் ஷாவோலினும் ஒன்றுபோல இருக்கின்றன என்பார்கள். ஷாவோலின் கைவரிசையைப் பார்ப்போம். அது ஒரே நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகர்கிறது. ஒரு மாடு படுக்கும் இடம் போதும் என்பது அவர்கள் வாக்கு. கை முழுதும் மடங்காது, முழுதும் நீளாது. தோள் இடுப்போடும், முழங்கை முழங்காலோடும், கை பாதத்தோடும் ஒத்து இயங்க வேண்டும். உடம்பு முழுவதையும் ஒரே அடியில் சேர்ப்பது எந்த நாட்டு ஆசானும் அனுபவத்தில் கண்டுகொள்வதே. ஒற்றுமை இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாகிவிடாது.

சீனர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்ற வாதமும் பலிக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நாவலும் கையேடுகளும் பரப்பிய செய்தி அது. 1930லேயே தாங் ஹாவ் என்ற சீன வரலாற்றாளர் அதை மறுத்து நூல் எழுதிவிட்டார்.

தமிழருக்கும் சீனாவுக்கும் உறவு இருந்ததற்குச் சான்று வேண்டுமா? காஞ்சியோடு தொடர்புடைய வஜ்ரபோதி 8ஆம் நூற்றாண்டில் தாங் தலைநகரில் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தார். சோழர் தூதுக்குழு 1015இல் சோங் அரசவைக்குப் போனது. சுவான்ஜௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

சிலம்ப ஆசான்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்குப் போதிதர்மர் கதை சொல்லும் நேரத்தில், உங்கள் குரு யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், உங்கள் ஊர் அடிவரிசை எது என்று சொல்லுங்கள். செங் ஸோங்யோ செய்ததுபோல அதைப் படம் வரைந்து எழுதியும் வையுங்கள்.