சர்வர் பிஸியாம்... யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்து ஹாஸ்டல்களில் கேட்கும் வசனம் ஒன்றுதான்: "மச்சி, சர்வர் தொங்கிடுச்சுடா!" தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் தட்கல் போடுகிறவர் வாயிலும் அதே வசனம். அப்புறம் எங்கிருந்தாவது ஒரு விளக்கம் வரும்: "ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் நுழைந்ததால்..." எல்லோரும் மண்டையை ஆட்டிவிட்டு மறுபடி எஃப்5 தட்டப் போய்விடுவார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களும் சேர்ந்து மண்டையை ஆட்டுவதுதான் கொடுமை. சர்வர் தொங்குவது புயல் மழை மாதிரி இயற்கைச் சீற்றம் இல்லை. பெரும்பாலும் எங்கோ ஒரு ஃபைலில் யாரும் தொடாமல் விட்ட ஓர் எண்தான் அது.

யூனிக்ஸில் சாக்கெட்டும் ஒரு ஃபைல்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் வேண்டும். லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாகக் கிடைப்பது 1024. "யூலிமிட் -என்" என்று தட்டினால் தெரியும். லாக் ஃபைல், டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் அதற்குள்தான் அடக்கம். 1024 தீர்ந்ததும் "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்" என்று லாகில் ஒரு வரி விழும். 64 ஜிபி மெமரி சும்மா கிடக்கும், சிபியூ கொட்டாவி விடும், வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். இதற்குப் பெயர் லோடா?

அடுத்தது வாசலில் நிற்கும் வரிசை. நெட்வொர்க் லேபில் எக்கோ சர்வர், சாட் சர்வர் எழுதும்போது லிசன் வரியில் எல்லோரும் 5 என்று போடுவார்கள். ஏன் 5? சீனியர் ரெக்கார்டில் 5 இருந்தது, அவ்வளவுதான். அந்த 5 வந்தது 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டியில் இருந்து. அதில் அதிகபட்சமே 5தான்! லினக்ஸிலும் இந்த வரிசையின் உச்சவரம்பு பல வருடங்கள் 128 ஆகவே இருந்தது. 2019-இல் வந்த 5.4 கெர்னலில்தான் அது 4096 ஆனது. வரிசை நிரம்பினால் லினக்ஸ் "இடமில்லை" என்றுகூடச் சொல்லாது. வந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். உங்கள் கம்ப்யூட்டர் 1 விநாடி பொறுத்து மறுபடி கேட்கும், பிறகு 2, பிறகு 4... பிரவுசரில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இன்னொரு கணக்கு. அப்பாச்சியின் பழைய ப்ரீஃபோர்க் முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு ப்ராசஸ். உச்சவரம்பு வழக்கமாக 256. ஒருவர் பக்கத்தை வாங்கிய பிறகும் இணைப்பைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கும் கீப்-அலைவ் நேரம், 2.0 வரையிலான பதிப்புகளில் 15 விநாடி. 256-ஐ 15-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 17 புது ஆட்கள்! மெஷினில் எத்தனை கோர் இருந்தாலும் அதே 17தான். அந்த 15-ஐ 2 ஆக்கினால் 128. பத்து பைசா செலவில்லை.

"ஒரு சர்வரில் 65,535 போர்ட்தானே இருக்கு, அதுக்கு மேல எப்படி?" என்று வைவாவில்கூட அடித்துச் சொல்பவர்கள் உண்டு. தப்பு. டிசிபி இணைப்பை அடையாளம் காட்டுவது இரண்டு முனைகளின் ஐபி முகவரியும் இரண்டு முனைகளின் போர்ட்டும் சேர்ந்த நான்கு எண்கள். சர்வர் பக்கம் 443 என்ற ஒரே போர்ட்டில் எத்தனை லட்சம் பேர் வேண்டுமானாலும் வரலாம். டான் கேகல் ஒரே மெஷினில் பத்தாயிரம் இணைப்பு என்ற சவாலை எழுதியது 1999-இல். லினக்ஸில் ஈபோல் வந்தது 2002-இல், எஞ்சின்எக்ஸ் வெளியானது 2004-இல். 2012 ஜனவரியில் வாட்ஸ்ஆப் ஃப்ரீபிஎஸ்டி ஓடும் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது.

போர்ட் பஞ்சம் வருவது வேறு இடத்தில். வெப் சர்வர் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் சர்வருக்குப் புது இணைப்பு திறந்து மூடினால், மூடிய போர்ட் லினக்ஸில் 60 விநாடி டைம்-வெயிட்டில் தூங்கும். வெளியே போகக் கிடைக்கும் போர்ட்கள் 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. விநாடிக்குச் சுமார் 470 இணைப்புக்கு மேல் போனால் முடிந்தது கதை. மருந்து புது மெஷின் இல்லை. இணைப்புகளை மூடாமல் திரும்பப் பயன்படுத்தும் பூலிங்.

"அப்போ லிமிட்டே வேண்டாம், அன்லிமிடெட் போட்டுட்டா போச்சு" என்று கிளம்பும் கோஷ்டி இன்னும் ஆபத்து. ஒவ்வொரு இணைப்பும் கெர்னல் மெமரியைத் தின்னும். வரம்பே இல்லாவிட்டால் மெமரி தீர்ந்து உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுவார்கள். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் நிறுவனத்தைச் சாய்த்தது வெறும் பாதி இணைப்புகள்தான். சின் பாக்கெட்டை அனுப்பிவிட்டு மேலே பேசாமல் இருந்தே வரிசையை அடைத்துவிட்டார்கள். ஆக, வரம்பு தேவை. ஆனால் அது யாராவது அளந்து பார்த்து, யோசித்து வைத்த வரம்பாக இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்த அன்று தானாக வந்து உட்கார்ந்த எண்ணாக இருக்கக் கூடாது.

பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் கூட்டம் வரும் என்று காலண்டரே சொல்கிறது. அதற்காகத்தான் ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். ரிசல்ட் தேதியையும் நேரத்தையும் அறிவிப்பது ரிசல்ட் வெளியிடுபவர்களேதான்! அப்படியிருக்க, கூட்டம் எப்படி எதிர்பாராததாகும்? ப்ளஸ் டூ ரிசல்ட்டைப் பல தளங்களில் போட்டு, போனுக்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்புகிறார்கள். தட்கலில் ஏசி வகுப்புக்கு 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி என்று 2015-இல் பிரித்தார்கள். கூட்டத்தைப் பிரிக்க முடியும் என்பது தெரிந்த விஷயம்தான்.

கேட்க வேண்டியது மூன்றே மூன்று. இந்த சர்வர் எத்தனை இணைப்பு தாங்கும் என்று ரிசல்ட்டுக்கு முன் சோதித்தீர்களா? அந்த எண்ணை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? இடமில்லாதபோது "503, இத்தனை நிமிடம் கழித்து வாருங்கள்" என்று சொல்லாமல் ஏன் சுற்ற விடுகிறீர்கள்?

கடைசி பெஞ்சில் அரியரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சுற்றும் வட்டம் ஒவ்வொரு விநாடியும் அடிவயிற்றைக் கலக்கும் விஷயம். அவனுக்கு "லட்சம் பேர் வந்தார்கள்" என்பது பதில் ஆகாது. லேபில் 5 என்று டைப் அடிக்கும் கைகள்தான் நாலு வருடம் கழித்து அந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் போகின்றன. அடுத்த லேபிலாவது ரெக்கார்டை மூடிவிட்டு, ஏன் 5 என்று கேளுங்கள் மக்களே :-)