பூர்விகமா, பணியா?

முதுநிலை மருத்துவப் படிப்பில் சேர விரும்பும் ஒருவரிடம் என்னென்ன தகுதிகள் இருக்க வேண்டும்? எம்.பி.பி.எஸ். பட்டம், ஓராண்டுப் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றியதற்கான சான்று, மருத்துவக் கவுன்சிலில் பதிவு, நுழைவுத் தேர்வில் தேர்ச்சி ஆகியவை இருந்தால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால், இவற்றுடன் பத்தாண்டுகள் எந்த மாநிலத்தில் படித்தார் என்பதையும் நிரூபித்தாக வேண்டும் என்று கர்நாடக அரசு விதித்திருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஒருமுறை அல்ல, இருமுறை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அந்த நிபந்தனையின் கதை கர்நாடகத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழகமும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

கர்நாடக அரசின் 2014ஆம் ஆண்டு முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான தகவல் கையேடு, விண்ணப்பிப்பவர் 'கர்நாடகப் பூர்விகம்' கொண்டவராக இருக்க வேண்டும் என்றது. பூர்விகம் என்பதற்கு அக்கையேடு தந்த விளக்கம் விசித்திரமானது. ஒன்றாம் வகுப்பு தொடங்கி மருத்துவப் பட்டம் வரையிலான கல்வியில் குறைந்தது பத்து ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். அத்துடன் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ அங்கேயே எழுதித் தேறியிருக்க வேண்டும். இதனால் பாதிக்கப்பட்டுத் தில்லிக்கு வழக்காட வந்தவர்கள், கர்நாடகத்தை எட்டிக்கூடப் பார்க்காத வெளியாட்கள் அல்லர். கர்நாடக மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளிலேயே இளநிலைப் படிப்பை முடித்தவர்கள்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒசூரில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு மாணவி, பெங்களூருவில் உள்ள மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் அங்குள்ள நோயாளிகளிடையே பழகுகிறார். அவர்களுடைய மொழியையும் கற்றுக் கொள்கிறார். மைசூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மற்றொருவர், எம்.பி.பி.எஸ். படிப்பை வேறு மாநிலத்தில் முடித்துவிட்டுத் திரும்புகிறார். மதிப்பெண்ணில் ஒசூர் மாணவி முன்னால் நின்றாலும், பெங்களூருவில் முதுநிலை இடம் கோரும் தகுதி மைசூர்க்காரருக்கே உண்டு என்பதுதான் அந்த நிபந்தனையின் பொருள். மருத்துவம் கற்ற இடத்தைவிட, வாய்ப்பாடு கற்ற இடத்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் இந்த நிபந்தனையைச் செல்லாது என்று அறிவித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு உறுதியளிக்கும் சமத்துவத்துக்கு அது முரணானது என்பது தீர்ப்பின் சாரம். விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், நான்கே ஆண்டுகளில் அது மீண்டும் தலைதூக்கியது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இயங்கும் கர்நாடகத் தேர்வுகள் ஆணையம் 2018ஆம் ஆண்டுக் கலந்தாய்வுக்கு வெளியிட்ட தகவல் கையேட்டில், அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பூர்விக நிபந்தனை மறுபடியும் இடம்பெற்றது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, யு.யு. லலித் ஆகியோர் அடங்கிய அமர்வு, 2018 ஏப்ரல் 4ஆம் தேதி அதையும் ரத்து செய்தது.

இது புதிதாக வகுக்கப்பட்ட சட்டமும் அல்ல. 1984ஆம் ஆண்டிலேயே பிரதீப் ஜெயின் வழக்கில், நீதிபதி பி.என். பகவதி இடம்பெற்றிருந்த மூவர் அமர்வு இதைத் தெளிவுபடுத்திவிட்டது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மாநிலத்தவருக்கு ஓரளவு ஒதுக்கீடு செய்யலாம். ஆனால், முதுநிலைப் படிப்பில் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்டு ஒதுக்கீடு செய்யக் கூடாது. அந்தந்தக் கல்வி நிறுவனத்தில் இளநிலை படித்தவர்களுக்கு ஒரு வரம்புக்குள் முன்னுரிமை தரலாம் என்பதே அத்தீர்ப்பின் நிலை. அந்த வரம்பு பாதி இடங்கள் என்று 2003ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்ட அமர்வும் ஏற்றுக் கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்ட ஒரு கேள்விக்கு, நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய இளம் மருத்துவர்கள் வழக்குரைஞர் கட்டணம் செலுத்தி மீண்டும் மீண்டும் விடை பெற வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

2025 ஜனவரி 29ஆம் தேதி, சண்டீகர் அரசு மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதே நிலைப்பாட்டை இன்னும் உறுதியாக வலியுறுத்தியது. முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது. இந்தியர் எவருக்கும் வாழிடம் இந்தியா என்ற ஒன்றுதான். மாநிலந்தோறும் தனித்தனி வாழிடம் என்பதைச் சட்டம் அறியாது என்று நீதிபதிகள் கூறினர். அந்த ஒதுக்கீட்டின் கீழ் ஏற்கெனவே சேர்ந்தவர்களைத் தீர்ப்பு பாதிக்காது என்றும் தெளிவுபடுத்தினர்.

அத்தீர்ப்பு வெளியானபோது தமிழகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மாநில உரிமை பறிபோகிறது என்பது அந்த எதிர்ப்பின் அடிநாதம். அதில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மாவட்டந்தோறும் அரசு மருத்துவக் கல்லூரி என்ற இலக்குடன் பல்லாண்டுகளாக வரிப்பணத்தைச் செலவிட்டுக் கல்லூரிகளை எழுப்பிய மாநிலம் தமிழகம். அக்கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி ஏற்கெனவே அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடுகிறது. எஞ்சியதும் போனால், தருமபுரியிலும் இராமநாதபுரத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளுக்குச் சிறப்பு மருத்துவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி பொருளற்றதல்ல. கர்நாடக அரசுக்கும் இதே கவலைதான் இருந்திருக்கும். யாதகிரியிலும் இராய்ச்சூரிலும் மகப்பேறு மருத்துவர் வேண்டும் என்று ஒரு மாநில அரசு நினைப்பது குற்றமா என்ன?

கவலை நியாயமானது. அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் தவறானது. பள்ளிச் சான்றிதழைப் பார்த்து ஒருவருக்கு முதுநிலை இடம் கொடுத்துவிட்டால், அவர் யாதகிரிக்குப் போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பட்டம் பெற்ற மறுநாளே பெங்களூருவில் உள்ள தனியார் மருத்துவமனையிலோ வெளிநாட்டிலோ அவர் வேலைக்குச் சேர்ந்தால், பூர்விகச் சான்று அவரைத் தடுக்குமா? பிறந்த மண்ணில் படித்தவர் பிறந்த மண்ணுக்கே பணியாற்றுவார் என்பது நம்பிக்கைதானே தவிர, நிபந்தனை அல்ல. மாநிலத்துக்குத் தேவை மருத்துவரின் பூர்விகம் அல்ல, அவருடைய பணி.

பணியை நிபந்தனையாக்குவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியைத் திறந்துவிட்டவர்கள் தமிழக மருத்துவர்களே என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்புச் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் பட்டப்படிப்பில் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும், அதைத் தடுக்க இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. அவ்வாறு படித்து முடித்தவர்கள் கிராமப்புறங்களிலும் மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் பணியாற்றுவதை மாநிலங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரசுப் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தப் பத்திரங்களும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

கர்நாடகமும் இந்த வழியை அறியாததல்ல. மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் ஓராண்டு கட்டாய ஊரகப் பணியாற்ற வேண்டும் என்று 2012ஆம் ஆண்டிலேயே அம்மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. தன் கையில் இப்படியொரு சட்டத்தை வைத்துக்கொண்டு, பள்ளிச் சான்றிதழை நம்பிக் கலந்தாய்வுக் கையேட்டை எழுதியதுதான் வேடிக்கை.

பூர்விக நிபந்தனை போனால் தமிழக மாணவர்கள் அனைவரும் வெளியே தள்ளப்படுவார்கள் என்ற அச்சமும் மிகைப்படுத்தப்பட்டதே. அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் மட்டுமே அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மற்ற 85 சதவீத இடங்களை மாநிலமே தன் விதிகளின்படி நிரப்புகிறது. இளநிலைப் படிப்பில் வசிப்பிட ஒதுக்கீட்டை 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஒட்டுமொத்தமாக மறுத்துவிடவில்லை. ஆகவே, சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழக மாணவர்களே. இளநிலை படித்த நிறுவனத்துக்கு உரிய முன்னுரிமையை முறையாக வகுத்தாலே அவர்களுடைய நலன் பெருமளவு காக்கப்படும். அரசுப் பணியில் உள்ளோருக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்தால், மாநிலத்தின் மருத்துவமனைகளும் காக்கப்படும். வேறு மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு ஊர் திரும்ப விரும்பும் தமிழக மாணவர்களுக்கு இதில் இழப்பு உண்டு என்பது உண்மை. அகில இந்திய ஒதுக்கீடு அவர்களுக்காகவும்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் நாம் மனசாட்சியுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒசூர் மாணவிக்குப் பெங்களூருவில் கதவு அடைக்கப்பட்டால் அநீதி என்கிறோம். இங்கு ஐந்தரை ஆண்டுகள் படித்த கோலார் மாணவனுக்குச் சென்னையில் கதவு அடைக்கப்பட்டால், அதை மாநில உரிமை என்போமா? நமக்கொரு நீதி, அண்டை வீட்டாருக்கொரு நீதி என்பது நெடுநாள் செல்லாது. காவிரிப் பிரச்னையில் நடுநிலையான தீர்ப்பை நாடும் மாநிலம், கல்வியிலும் அதே அளவுகோலை ஏற்றுக் கொள்வதுதான் முறை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவதாக, ஒவ்வொரு மாநிலமும் முதுநிலைச் சேர்க்கைக்கான தகுதி விதிகளை நீட் முதுநிலைத் தேர்வுக்கு விண்ணப்பம் பெறும் முன்பே வெளியிட வேண்டும். தேர்வு எழுதி, தரவரிசையும் வந்த பிறகு விதியைச் சொல்வது, ஓட்டப் பந்தயம் முடிந்த பிறகு எல்லைக் கோட்டை வரைவதற்குச் சமம். இரண்டாவதாக, உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நிபந்தனைகள் வேறு பெயரில் கையேடுகளுக்குள் நுழையாமல் தேசிய மருத்துவ ஆணையம் கண்காணிக்க வேண்டும். கையேட்டை அச்சிடும் முன் அதைச் சட்டத்துறை பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பணி ஒப்பந்தங்களில் மாநிலத்துக்கு மாநிலம் காலமும் தண்டத் தொகையும் மாறுபடாமல், 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு யோசனை கூறியபடி, நாடு முழுவதற்கும் ஒரே சீரான கொள்கையை மத்திய அரசு வகுக்க வேண்டும். மாநிலங்களைக் கலந்து பேசாமல் அதைச் செய்யக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விடுபடும் வசதியை மாநிலங்கள் அடைக்க வேண்டும். தண்டத் தொகையை எளிதாகச் செலுத்தக் கூடியவர்கள் வசதி படைத்தவர்களே. அவர்கள் பணத்தால் தப்பித்துக் கொள்ள, ஏழை வீட்டு மருத்துவர்கள் மட்டும் கிராமத்துக்குச் செல்வது சமூக நீதி ஆகாது. கிராமப்புற மருத்துவமனைகளில் குடியிருப்பும் கருவிகளும் செவிலியர்களும் இல்லாமல், மருத்துவரை மட்டும் அனுப்பிப் பயனில்லை என்பதையும் அரசுகள் உணர வேண்டும்.

ஒரு நோயாளி, தன் நாடியைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவரிடம் அவர் ஐந்தாம் வகுப்பை எந்த ஊரில் படித்தார் என்று கேட்பதில்லை. அவர் நன்றாகப் படித்தவரா, தேவைப்படும் நேரத்தில் தன் ஊரில் இருப்பாரா என்ற இரண்டைத்தான் எதிர்பார்க்கிறார். சேர்க்கை விதிகளை எழுதும் அதிகாரிகளும் அந்த இரண்டை மட்டும் கேட்கக் கற்றுக் கொண்டால், இளம் மருத்துவர்கள் நீதிமன்ற வாசலில் காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்காது.