இரண்டு தரம் பொரித்த கிழங்கு



கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் மூன்று கிழமையாக என் மேசையில் கிடக்கிறது. வீட்டு வாசலில் பின்னேரங்களில் வடையும் றோல்சும் விற்கிறார். மகளிர் குழுவில் கடன் எடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டியும் பெரிய தாச்சியும் வாங்கியிருக்கிறார். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் "அன்ரி, சிப்ஸ் இல்லையோ?" என்று கேட்கக் கேட்க, உருளைக்கிழங்கை நீளமாக வெட்டிப் பொரித்து வைத்துப் பார்த்தாராம். "முதல் வாற பிள்ளைக்கு மொறுமொறு எண்டு இருக்குது. ஐந்தாவது பிள்ளைக்குத் துவண்டு போகுது. மிச்சத்தை நானும் என்ர பிள்ளையளும் திண்டு முடிக்கிறம். கிழங்கும் எண்ணெயும் விக்கிற விலையில இதை விடுறதோ, தொடருறதோ?" என்று கேட்டிருக்கிறார்.

நான் பெரிய சமையற்காரி இல்லை. என் கையால் செய்த பால்றொட்டியைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும் என்று என் தங்கச்சி சொல்வாள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஏனென்றால் ஒரு நகரத்தில் ஆகச் சிறந்த சிப்ஸ் எங்கே கிடைக்கும் என்று நான்கு நாட்கள் அலைந்து திரிந்தவள் நான்.

அந்த நகரம் பெல்ஜியத்தின் தலைநகர் பிரசெல்ஸ். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு எங்கள் குடும்பம் ஆளுக்கொரு திசையாகிவிட்டது. தங்கச்சி வன்னிக்குப் போய், கொழும்புக்கு வந்து, 1997 இல் இரண்டு வயதுப் பிள்ளையோடு பெல்ஜியம் போய்ச் சேர்ந்தாள். நான் அவளைத் திரும்பக் கண்டது 2019 இல். பிள்ளை என்னைவிட உயரமாக வளர்ந்து விமானநிலையத்தில் நின்றான். முதல் நாளே கேட்டான்: "பெரியம்மா, இங்க வந்து சிப்ஸ் சாப்பிடாமல் போகேலாது. எந்தக் கடை திறம் எண்டு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேணும்."

அதைப் 'பிரெஞ்ச் பிறைஸ்' என்று சொன்னால் அந்த ஊராருக்குக் கோபம் வரும். தங்கள் பண்டத்துக்குப் பிரான்சின் பெயரை வைத்துவிட்டார்கள் என்ற கவலை. 1680 ஆம் ஆண்டளவில் நமூர் என்ற ஊரில் ஆறு உறைந்துபோக, மீன் பொரித்துச் சாப்பிட்ட ஏழைகள் கிழங்கை மீன்போல வெட்டிப் பொரித்தார்கள் என்று ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பகுதிக்கு உருளைக்கிழங்கே வந்திருக்கவில்லை என்றும், ஏழைகள் தாச்சி நிறையக் கொழுப்பு ஊற்றிப் பொரிக்கிற வசதியோடு இருக்கவில்லை என்றும் வரலாற்றாய்வாளர் சொல்கிறார்கள். எண்ணெய்ப் போத்தலில் அடையாளம் வைத்துச் சமைக்கிற நமக்கு அந்த இரண்டாவது காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

சிப்ஸ் விற்கும் கடைக்கு அங்கே 'பிறிட்கொட்' என்று பெயர். 'கொட்' என்றால் சின்னக் கொட்டில். சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது; நம் ஊர்க் கொட்டில் அங்கே போய்க் குளிருக்குக் கதவு போட்டுக்கொண்டதுபோல இருந்தது. அந்தச் சின்ன நாட்டில் இப்படி 5,000 வரையில் இருக்கின்றன என்று சொல்வார்கள்.

முதல் நாள் உல்லாசப் பயணிகள் மொய்க்கும் பழைய சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினோம். பெயர் வேண்டாம். கிழங்கு ஈரத் துணிபோல இருந்தது. மேலே ஊற்றிய சோஸ்தான் அதைத் தூக்கி நிறுத்தியது.

இரண்டாம் நாள் ஜூர்டான் சதுக்கத்துக்குப் போனோம். ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குக் கிட்ட இருக்கும் இடம். அங்கே 'மேசோன் ஆன்ட்வான்' என்ற கடை 1948 இலிருந்து இருக்கிறது. 2016 பெப்ரவரியில் ஐரோப்பியத் தலைவர்களின் மாநாட்டுக்கு வந்திருந்த ஜேர்மனியின் அப்போதைய தலைவி அங்கெலா மேர்க்கல், இடையில் வெளியே வந்து இந்தக் கடையில்தான் சிப்ஸ் வாங்கினார். சுற்றிவரத் தேநீர்ச்சாலைகளும் மதுச்சாலைகளும். கடையில் வாங்கிய பொட்டலத்தோடு அங்கே போய் இருந்து சாப்பிடலாம்; குடிக்க ஏதாவது வாங்கினால் சரி. பக்கத்துக் கடைக்காரனின் சாப்பாட்டுக்குத் தன் மேசையைக் கொடுக்கிற வழக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வரிசையில் நின்று முன்னுக்கு வந்து, மணம் மூக்கைத் துளைக்கிற நேரத்தில் பெறாமகன் என் காதுக்குள் சொன்னான்: "பெரியம்மா, இது மாட்டுக் கொழுப்பில பொரிக்கிறது. நீங்கள் சாப்பிடுவீங்களோ?"

நான் சாப்பிட மாட்டேன். ஊரெல்லாம் புகழும் சிப்ஸை அவன் சாப்பிட, நான் கோப்பியைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்டில் பழைய முறை அதுதான். மாட்டுக் கொழுப்பில் பொரித்தால்தான் அந்த வாசனையும் மொறுமொறுப்பும் வரும் என்பார்கள். தீர்ப்புச் சொல்ல வந்தவளுக்கு முக்கிய சாட்சியையே விசாரிக்க முடியாமல் போயிற்று.

மூன்றாம் நாள் பிளாஜே சதுக்கத்துக்குப் போனோம். வரிசையின் நீளத்துக்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை. திரும்பிவிட்டோம்.

இவ்வளவுக்கும் தங்கச்சி எங்களோடு வரவே இல்லை. "எனக்கு வேண்டாம் அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்லிவிடுவாள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். நான்காம் நாள் பின்னேரம் தானாகவே மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, நான் ஒரு இடம் காட்டுறன்" என்றாள்.

ட்ராம் வண்டியில் அரைமணி நேரம். மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. பச்சை நிறம் பூசிய ஒரு கொட்டில். உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெல்ஜியப் பெண். அந்த ஆட்களுக்காக அவர் மரக்கறி எண்ணெயில்தான் பொரிக்கிறார். ஆகவே நானும் சாப்பிடலாம். வெள்ளைக் கடதாசியை நம் கச்சான் சரைபோலச் சுருட்டி, அதற்குள் சிப்ஸைக் கொட்டி, உப்பைத் தூவித் தந்தார். வெளியே ஓடுபோல உடைந்தது. உள்ளே அவித்து மசித்த கிழங்கின் மென்மை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழித்தும் துவளவில்லை. பெறாமகன் 'சாமுராய்' என்ற உறைப்புச் சோஸ் வாங்கினான். பெயர் யப்பானில், உறைப்பு நம் நாக்குக்குச் சரி.

தங்கச்சி ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கையில் வைத்திருந்தாள். "வந்த வருசம் விசாவுக்கு அலுவலகம் அலுவலகமாத் திரிஞ்சன் அக்கா. இவன் தோளில. சூடான சாப்பாடெண்டு வாங்கக்கூடியது இது ஒண்டுதான். ஒரு சின்னப் பக்கெட் வாங்கி ரெண்டு பேரும் பங்கு. ஒருநாள் இந்த மனிசி கேக்காமலே இன்னொரு அகப்பை அள்ளிப் போட்டவ. அதுக்குப் பிறகு நான் இஞ்சால வரேல்ல. இந்த மணம் பட்டால் அந்தக் குளிர் திரும்பி வருது."

அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கும் இவளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் நான் கேட்ட சமையல் கேள்விகளை எல்லாம் தங்கச்சி பிரெஞ்சில் பொறுமையாகக் கேட்டுச் சொன்னாள். ஆட்கள் குறைந்த நேரமாகையால் அவரும் கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

கிளிநொச்சிச் சகோதரி இனித்தான் கவனமாக வாசிக்க வேண்டும்.

சிப்ஸை அவர்கள் இரண்டு தரம் பொரிக்கிறார்கள். முதல் தரம் மிதமான சூட்டில், 150 பாகை செல்சியஸ் அளவில், ஐந்தாறு நிமிடம். கிழங்கு உள்ளே அவிய வேண்டும். நிறம் மாறக் கூடாது. எடுத்து எண்ணெய் வடியவிட்டுக் குறைந்தது அரைமணி நேரம் ஆறப் போடுகிறார்கள். பிறகு 180 பாகை அளவில் நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிடம். ஒரே தரத்தில் பொரித்தால் வெளியே சிவந்து வரும், ஆனால் உள்ளிருக்கும் நீராவி சிறிது நேரத்தில் வெளித்தோலை நனைத்துவிடும். அதுதான் ஐந்தாவது பிள்ளையின் சிப்ஸ் துவண்ட காரணம். ஆறவிடும்போது மேற்பரப்பிலுள்ள மாப்பொருள் இறுகுகிறது. இரண்டாம் சூடு அதை ஓடாக்குகிறது.

"எப்போது இரண்டாம் தரம் பொரிப்பீர்கள்?" என்று கேட்டேன். "ஆள் வந்து முன்னால் நின்ற பிறகு" என்றார். முதற்பொரியலைக் கடை திறக்க முன்னரே முடித்துத் தட்டில் பரப்பி வைத்திருக்கிறார். பிள்ளை காசை நீட்டிய பிறகு அந்த அளவுக்கு மட்டும் தாச்சியில் போட்டால் போதும். மிஞ்சிப்போய் நாமே தின்னத் தேவையில்லை. முதற்பொரியல் போட்டதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

ஊருக்கு வந்து நான் செய்து பார்த்தேன். முதற் தரம் தோல்வி. மேலே பனங்கட்டி நிறம், நாக்கில் கசப்பு. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது என் பிழை. குளிரில் கிழங்கின் மாப்பொருள் சீனியாக மாறும். அந்தச் சீனி எண்ணெயில் கருகும். அப்படிக் கருகும்போது உடலுக்கு ஆகாத அக்ரிலமைட் என்ற பொருளும் கூடுதலாக உண்டாகிறது. அதைக் குறைக்க 2017 இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவந்தபோது, தங்கள் இரட்டைப் பொரியலுக்குத் தடை வருமோ என்று பெல்ஜியத்தில் பெரிய ஆரவாரமாம். தடை வரவில்லை. பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். கிழங்கை இருட்டான, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். பச்சை பிடித்த கிழங்கு வேண்டவே வேண்டாம்.

கிழங்கின் சாதியும் முக்கியம். பெல்ஜியத்தில் பேர்போனது 'பின்ச்சே' என்ற கிழங்கு. நெதர்லாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியது. தான் உருவாக்கிய கிழங்குகளுக்குத் தன் பிள்ளைகளின் பெயர்களை வைத்து வந்தவர், அவை முடிந்துபோகத் தன்னிடம் படித்த ஒரு மாணவியின் பெயரை வைத்தாராம். ஒரு சின்னப் பெண்ணின் பெயர் நூறு வருடத்துக்கு மேலாக வயலில் விளைந்துகொண்டிருக்கிறது. அது மாப்பிடிப்பான கிழங்கு. நம் நாட்டில் அதிகம் விளைவது 'கிரனோலா'. கறிக்கு நல்லது, பொரியலுக்குச் சற்று நீர்த்தன்மை. அப்போது கிண்டிய இளங்கிழங்கு இன்னும் மோசம். தோல் உலர்ந்து முற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கோப்பை உப்பைப் பதினொரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாப்பிடிப்பானது தாழும், நீர்த்தது மிதக்கும். மிதப்பதைக் கறிக்கு வையுங்கள்.

வெட்டுவது சுண்டுவிரல் அளவு, ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு. வெட்டியதும் மேலிருக்கும் மா போகத் தண்ணீரில் அலசித் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். வெப்பமானி நம்மிடம் இல்லை. அகப்பைக் காம்பு போதும். எண்ணெயில் காம்பை வைத்தால் மெதுவாகக் குமிழி வருவது முதற் சூடு. சீறிக்கொண்டு வருவது இரண்டாம் சூடு. தாச்சியில் அள்ளிப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துபோய்க் கிழங்கு எண்ணெயைக் குடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் சிக்கனம். உப்பு இறக்கிய பிறகு. சொப்பின் பையில் கட்டிக் கொடுக்க வேண்டாம், ஆவி அடங்கித் துவண்டுவிடும். கடதாசிச் சரைதான் சரி, அதுவும் அச்சடிக்காத வெள்ளைக் கடதாசி. எண்ணெயை ஒவ்வொரு நாளும் வடித்து வையுங்கள். கறுத்து, நுரைத்து, புகைக்கத் தொடங்கினால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊற்றிவிடுங்கள்.

2020 இல் கொரோனாவால் கடைகள் பூட்டியபோது பெல்ஜியத்தில் ஏறத்தாழ 750,000 தொன் உருளைக்கிழங்கு தேங்கிவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் சிப்ஸ் சாப்பிடுங்கள் என்று அந்த நாட்டுக் கிழங்கு வியாபாரிகளின் சங்கமே மக்களைக் கேட்டது. தங்கச்சி தொலைபேசியில் அதைச் சொல்லிச் சிரித்தாள். தான் வீட்டில் செய்யத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னாள், தேங்காய் எண்ணெயில்.

சகோதரி, கடையை விடுவதற்கு முன் இதை இரண்டு கிழமைக்குச் செய்து பாருங்கள். ஒரு கிலோ கிழங்குக்கு எத்தனை சரை வந்தது, எவ்வளவு எண்ணெய் இறங்கியது, கையில் என்ன நின்றது என்று கொப்பியில் ஒவ்வொரு நாளும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை எனக்கும் எழுதி அனுப்புங்கள். காணாமல் இருந்தால் விலையை எப்படி வைப்பது என்று அடுத்த மாதம் சேர்ந்து பார்ப்போம்.