கொடுக்கும் கையும் கேமராவின் கோணமும்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் முத்துக்குளித்துறைக் கரையை மூழ்கடித்த பெருமழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளைச் சூழ்ந்தது. மத வேறுபாடு பாராமல் உதவிக்கரங்கள் நீண்டன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெள்ளம் வடிந்த பின்னும் வடியாத ஒன்று உண்டு: அரிசிப் பையை வாங்குவோரின் முகத்தைக் காட்டும் படங்கள். ஒவ்வொரு ரமளானிலும் அவை மேலும் பெருகுகின்றன.

அப்படங்களை உற்றுப் பாருங்கள். கொடுப்பவர்கள் ஐந்தாறு பேர் நிமிர்ந்து நிற்கின்றனர். நடுவில் வாங்குபவர் தலைகுனிந்து நிற்கிறார். மேலிருந்து எடுத்தால் மனிதர் சிறுத்துத் தெரிவார். கண்மட்டத்தில் எடுத்தால் நமக்குச் சமமாகத் தெரிவார். படமெடுப்போர் அனைவரும் அறிந்த பாலபாடம் இது. எனவே கோணம் தற்செயலானதன்று. யாரைப் பெரியவராகக் காட்டுவது என்ற முடிவு அதில் அடங்கியுள்ளது.

இந்நோய் பழையது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய்க் கிடந்தோரை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார் ஹூப்பர் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி. எடுத்தவரின் பெயர் நிலைத்தது. படத்தில் இருப்போரின் பெயர்களை இன்று யார் அறிவார்?

சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மங்களைப் பாழாக்கலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாயால் சொல்லிக்காட்டினால் அது காற்றோடு போகும்; படமோ பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்காட்டுகிறது. கையேந்தத் தயங்கும் தன்மானமுள்ள ஏழைகளை அதே அத்தியாயத்தின் 273ஆம் வசனம் அடையாளம் காட்டுகிறது. மகளுக்கு வரன் தேடும் தந்தையும் கணவனை இழந்த தாயும் கேமராவுக்கு அஞ்சி வரிசைக்கு வராமல் பசித்திருந்தால், அப்பசிக்கு மறுமையில் யார் பதில் சொல்வது?

"நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்று கேட்கின்றனர். அவசியம் காட்ட வேண்டும். ரசீதும் பதிவேடும் அடுக்கிய மூட்டைகளும் சீரமைத்த கூரையும் அதற்குப் போதும். எத்தனை கிலோ அரிசி வழங்கப்பட்டது என்பதை ஏழையின் முகம் சொல்லாது. 271ஆம் வசனம் வெளிப்படையான தர்மத்தையும் நல்லது என்கிறது. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதைவிடச் சிறந்தது என்கிறது. வெளிப்படலாம் என்பது தர்மமே, ஏழையின் முகமன்று.

மனிதரைக் காட்டியே ஆக வேண்டுமெனில் முன்னரே அனுமதி கேளுங்கள். பையை நீட்டிக்கொண்டே பெறும் சம்மதம் சம்மதமன்று. முகம் தெரியாமல் முதுகுப்புறமிருந்து எடுங்கள். முகத்தைக் காட்ட அவர்களே விரும்பினால், குனிந்து அவர்களின் கண்மட்டத்திற்கு வந்து எடுங்கள்.

ஸகாத் ஏழையின் உரிமை. உரிமையைப் பெற வந்தவரிடம் அவர் முகத்தை விலையாகக் கேட்க எவருக்கும் அதிகாரமில்லை. வாங்குவோர் முகம் படத்தில் வராது என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலும் அடுத்த ரமளானுக்கு முன்பே தீர்மானம் நிறைவேற்றட்டும்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்போரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக! ஆமீன்.